கூலிங் கிளாஸைக் கழற்ற மாட்டேன்

என் இடது கண்ணிலிருந்து ஒரு சதையை வெட்டி எடுத்து ஒன்பது மாதம் ஆகிறது. அன்றிலிருந்து வெயிலில் இறங்கும்போதெல்லாம் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொள்கிறேன். பஸ் ஸ்டாண்டில், ரேஷன் கடையில், மகளின் பள்ளிக்கூட வாசலில், எங்கே போனாலும் யாராவது ஒருவர் தவறாமல் கேட்கிறார்: இன்னாக்கா, திடீர்னு ஸ்டைலு? நின்று பதில் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. அதனால் நடந்ததை ஒரே தடவையாக எழுதிவிடுகிறேன். படித்துவிட்டுச் சிரிப்பவர்கள் சிரிக்கட்டும்.

என் பெயர் ஜெயராணி. வயது முப்பத்தொன்பது. திருக்கழுக்குன்றத்திலிருந்து மாமல்லபுரம் போகிற வழியில் வீடு. என் அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை பார்த்தவர்கள். நான் பன்னிரண்டாவது முடித்தேன். கல்யாணத்துக்குப் பிறகு கடற்கரையோரம் ஒரு ரிசார்ட்டில் செக்யூரிட்டி வேலைக்குச் சேர்ந்தேன். நிற்பது ரிசார்ட்டில், சம்பளம் போடுவது செங்கல்பட்டில் இருக்கிற ஏஜென்சி.

ஏழு வருஷமாக எனக்குக் கொடுத்த இடம் பீச் கேட். புல்தரை முடிந்து மணல் தொடங்கும் இடத்தில் ஒரு சின்ன இரும்புக் கதவு. காலை எட்டு மணியிலிருந்து மாலை நான்கு மணி வரை அதன் பக்கத்தில் நிற்க வேண்டும். தண்ணீரில் இறங்குகிற விருந்தினர்களை எண்ண வேண்டும். சிவப்புக் கொடியைத் தாண்டினால் விசில் அடிக்க வேண்டும். எத்தனை தலை இறங்கியதோ அத்தனை தலையும் கரையேறிவிட்டதா என்று பார்க்க வேண்டும். கேட்பதற்குச் சுலபமாக இருக்கும். மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு அந்தத் தண்ணீரைப் பார்த்தால் தெரியும். கடல் முழுக்க கண்ணாடித் துண்டுகளைக் கொட்டி வைத்தது போல் மின்னும். மேலேயிருந்து ஒரு வெயில், மணலிலிருந்து ஒரு வெயில், தண்ணீரிலிருந்து ஒரு வெயில். விருந்தினர்களுக்குக் குடை உண்டு. எங்களுக்குத் தொப்பி மட்டும்.

கண் சிவக்க ஆரம்பித்தது எப்போது என்று சரியாகச் சொல்ல முடியவில்லை. முதலில் சாயங்காலத்தில் மட்டும் மணல் விழுந்தது போல் உறுத்தும். வீட்டுக்குப் போய்த் தண்ணீர் அடித்தால் சரியாகிவிடும். பிறகு காலையிலேயே சிவந்திருந்தது. மெட்ராஸ் ஐ என்று சொல்லி ரிசார்ட்டின் சூப்பர்வைசர் தயாளன் என்னை இரண்டு தடவை வீட்டுக்கு அனுப்பினார். விருந்தினர்களுக்கு ஒட்டிக்கொள்ளுமாம். இரண்டு தடவையும் சம்பளம் பிடித்தார்கள். ஆனால் என் வீட்டில் யாருக்கும் ஒட்டவில்லை.

மெடிக்கல் ஷாப்பில் கேட்டு ஒரு சொட்டு மருந்து வாங்கினேன். விட்ட பத்து நிமிஷத்தில் சிவப்பு போய் கண் வெள்ளை வெளேரென்று ஆகிவிடும். அடடா என்று ஆறேழு மாதம் அதையே விட்டுக்கொண்டிருந்தேன். அந்த மருந்து சிவப்பை மறைக்கிறதே தவிர நோயைத் தொடுவதில்லை என்று பிறகுதான் தெரிந்தது. அதற்குள் மூக்கோரமாகக் கண்ணின் வெள்ளையில் ரோஸ் நிறத்தில் ஒரு சதை தடித்து, ஈயின் இறக்கை மாதிரி கூராகக் கறுப்பை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. தினமும் முகக் கண்ணாடியில் அதைப் பார்த்தவள் நான்தான், ஆனாலும் தள்ளிப்போட்டேன். ஆஸ்பத்திரிக்குப் போனால் ஏதாவது ஒரு பெரிய பெயரைச் சொல்லிவிடுவார்கள் என்ற பயம்.

தள்ளிப்போட முடியாமல் செய்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஒரு அப்பாவும் எட்டு வயசுப் பெண்பிள்ளையும் தண்ணீரில் இறங்கினார்கள். இரண்டு தலை என்று மனசில் குறித்துக்கொண்டேன். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் ஒரு தலைதான் தெரிந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தேன். இப்போது மூன்று தெரிந்தது. மறுபடி ஒன்று. விசிலை ஊதிக்கொண்டே யூனிஃபார்மோடு இடுப்பளவுத் தண்ணீருக்குள் ஓடினேன். அந்தப் பிள்ளை அப்பாவின் முதுகில் கழுத்தைக் கட்டிக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தது. அவர் கோபப்பட்டு ரிசப்ஷனில் புகார் கொடுத்தார். குழந்தையைப் பயமுறுத்திவிட்டேனாம்.

புகாருக்காக நான் வருத்தப்படவில்லை. நிஜமாகவே ஒரு தலை முங்கியிருந்தாலும் எனக்குத் தெரிந்திருக்காது என்பதுதான் என்னை உட்கார வைத்தது. அன்றைக்கு வீட்டுக்குப் போனதும் என் கணவர் சேகரிடம் சொன்னேன். அவர் தண்ணீர் கேன் போடுகிற லோடு ஆட்டோ ஓட்டுகிறார். அதிகம் பேசமாட்டார். மறுநாள் கேன் போடுகிற கடைகளுக்கெல்லாம் போன் செய்து வரமாட்டேன் என்று சொல்லிவிட்டு, ஆட்டோவை எடுத்து என்னை உட்காரவைத்தார்.

செங்கல்பட்டில் உள்ள ஒரு கண் ஆஸ்பத்திரி. காலை ஏழரைக்கே நூறு பேர் இருந்தார்கள். முதலில் எழுத்துப் பலகை. வலது கண்ணில் கடைசிக்கு முந்திய வரி வரை படித்தேன். இடது கண்ணில் மூன்றாவது வரியிலேயே ‘ப’வும் ‘ம’வும் ஒன்றாகிவிட்டன. படித்துக்காட்டச் சொன்ன பெண் எதையோ எழுதிக்கொண்டாள், முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. எனக்கு அதுவே பயமாக இருந்தது. அடுத்து ஒரு மெஷின், கருவிழி எவ்வளவு வளைந்திருக்கிறது என்று அளப்பதற்கு. அப்புறம் கண் பாப்பாவை விரிக்கிற சொட்டு மருந்து. பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை வந்து விட்டுவிட்டுப் போனார்கள். கண்ணை மூடி வரிசையாக உட்கார்ந்திருந்தோம். என் பக்கத்தில் இருந்தவர் வேடந்தாங்கல் பக்கத்துக்காரர், ஏரிக்கரையில் வயல். அவருக்குக் கண்புரை. எனக்கு என்ன என்று கேட்டார். தெரியாது என்றேன். தெரியாதவரைக்கும் நல்லதும்மா என்றார். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

டாக்டர் என்னைவிடச் சின்னப் பெண். தாடையை ஒரு மெஷினில் வைக்கச் சொல்லி, ஒரு கீற்று வெளிச்சத்தைக் கண்ணில் விட்டு, மேலே பார், கீழே பார் என்று பார்த்தார். நான் காத்திருக்க முடியாமல் கேட்டுவிட்டேன், கேன்சரா என்று.

“இல்லம்மா. இதுக்குப் பேரு டெரிஜியம். வெயிலு, காத்து, மணல், மூணும் சேர்ந்து வளர்த்த சதை. எங்க வேலை பாக்குறீங்க?”

சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு ஒரு காகிதத்தில் கண்ணை வரைந்தார். கண்ணின் வெள்ளைக்கு மேலே மெல்லிய தோல் ஒன்று இருக்கிறது. வருஷக்கணக்காக வெயில் பட்டால் அது தடித்து ரத்தக் குழாயோடு கருவிழி மேல் ஏறிவிடுகிறது. ஏறும்போது கருவிழியை இழுத்துப் பிடிக்கிறது. கருவிழியின் வளைவு கோணலாகிறது, அதனால்தான் ஒன்று இரண்டாகவும் மூன்றாகவும் தெரிகிறது. ஏன் மூக்கோரத்தில் வருகிறது என்பதையும் சொன்னார். பக்கவாட்டிலிருந்து வருகிற வெளிச்சம் கருவிழிக்குள் நுழைந்து வளைந்து மூக்கோரத்தில்தான் போய்க் குவிகிறதாம். எனக்கு மூன்று மில்லிமீட்டர் ஏறியிருந்தது. இன்னும் கொஞ்சம் விட்டால் பாப்பாவைத் தொட்டுவிடும். வெட்டி எடுத்தே ஆக வேண்டும். வலது கண்ணிலும் அதே இடத்தில் ஒரு துளி மஞ்சளாகத் தடித்திருந்தது. அதை இப்போது வெட்டத் தேவையில்லை, வளராமல் பார்த்துக்கொண்டால் போதும்.

நான் அழவில்லை. எனக்கு வந்தது கோபம். என் மேலேதான் முதலில் வந்தது. அப்புறம் யோசிக்க யோசிக்க அது இடம் மாறியது.

வெளியே வந்தபோது மணி ஒன்று. விரிந்த பாப்பாவோடு வெயிலில் கால் வைத்தேன். ரோடு இல்லை, பஸ் இல்லை, எல்லாம் ஒரே வெள்ளை. துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டேன். சேகர் என் கையைப் பிடித்து ஆட்டோவுக்குக் கூட்டிப்போனார். முன்பக்கம் உட்காரவைக்காமல் பின்னால் கேன்களுக்கு நடுவில் தார்ப்பாயைத் தொங்கவிட்டு, என்னை அதற்குள் இருட்டில் வைத்து ஓட்டினார். திருக்கழுக்குன்றம் தாண்டி எங்கேயோ நிறுத்தி ஒரு இளநீரை உள்ளே நீட்டினார். அந்த மனிதர் என்னிடம் ஆசையாக நாலு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. அந்தத் தார்ப்பாய்க்குள் உட்கார்ந்திருந்தபோது அது ஒரு குறையாகத் தெரியவில்லை.

ஆபரேஷன் பத்து நாள் கழித்து. செலவு ஏஜென்சி கொடுத்த இன்சூரன்ஸ் அட்டையில் முடிந்தது, அதற்காக மூன்று கையெழுத்துக்கு மூன்று நாள் அலைந்தோம். சர்க்கரை, பிரஷர் பார்த்து, பச்சைக் கவுன் மாட்டி, தலைக்கு ஒரு தொப்பி போட்டு உள்ளே கூட்டிப்போனார்கள். கண்ணுக்குக் கீழே ஒரு ஊசி. அது வலித்தது, வலிக்கவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். கொஞ்ச நேரத்தில் கண் இருக்கிற இடமே மரத்துப்போனது. முகம் முழுக்கத் துணி, இடது கண்ணுக்கு மட்டும் ஓட்டை. மேலே ஒரு வெளிச்சம். யாரோ மேஜையைச் சுரண்டுகிற மாதிரி ஒரு உணர்வு, வலி இல்லை. டாக்டர் செய்துகொண்டே சொல்லிக்கொண்டிருந்தார்: சதையை எடுத்தாச்சு, இப்போ மேல் இமைக்கு அடியிலேர்ந்து உங்க கண்ணோட நல்ல தோலையே கொஞ்சம் எடுத்து இங்க ஒட்டுறேன். தையல் இல்லை, பசை. அப்படி ஒட்டினால் சதை திரும்ப வளர்கிற வாய்ப்பு குறைவாம். முக்கால் மணி நேரத்தில் முடிந்தது. கண்ணில் பஞ்சு வைத்துக் கட்டி, மறுநாள் காலையில் கட்டுப் பிரிக்க வேண்டும் என்று அங்கேயே இருக்கச் சொன்னார்கள்.

மருந்தின் மரப்பு விட்டதும் வலி வந்தது. கண்ணுக்குள் ஒரு பிடி மணலைப் போட்டு மூடிவிட்டது போல. மாத்திரை கொடுத்தார்கள். திரும்பிப் படுக்கக்கூட பயமாக இருந்தது.

பக்கத்துக் கட்டிலில் கோமளா என்று ஒரு பெண். முப்பது, முப்பத்திரண்டு வயசு இருக்கும். திருப்போரூர்ப் பக்கம் கட்டட வேலையில் சித்தாள். அவளுக்கும் இடது கண், அதே நோய், அதே கட்டு. ஆனால் அவளுக்கு இது இரண்டாவது ஆபரேஷன். முதல் தடவை வேறொரு இடத்தில் வெட்டியிருக்கிறார்கள், இரண்டே வருஷத்தில் திரும்ப வளர்ந்துவிட்டது. கண்ணாடி போடச் சொல்லவில்லையா என்று கேட்டேன். சாயங்காலம் காப்பி வந்த நேரம். டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அவள் சொன்னது அப்படியே நினைவிருக்கிறது.

“சொன்னாங்கக்கா. வாங்கிக்கினேன். மொத நாளு போட்டுகினு கல்லு தூக்கினேன். மேஸ்திரி பாத்துட்டு, இன்னாடி, இங்க ஷூட்டிங்கா நடக்குதுன்னாரு. அம்மாம் பேரும் சிரிச்சாங்க. என் வூட்டுக்காரரும் அங்கதான் வேலை செய்யிறாரு, அவரும் சிரிச்சாரு. கழட்டி பையில வச்சேன். அத்தோட சரி.”

“அந்தக் கண்ணாடி இப்ப எங்க கீது?” என்று கேட்டேன்.

“வூட்லதான். பெட்டியில.”

ஒரு சிரிப்புக்குப் பயந்து ஒரு பொம்பளை கண்ணை இரண்டாவது தடவை கத்திக்குக் கொடுத்திருக்கிறாள். வெயில் கூலிக்காரர்கள் கண்ணில் மட்டும் படாமலா இருக்கிறது? காரில் ஏசி போட்டுப் போகிறவர் போட்டால் அது கண்ணாடி. நாள் முழுக்க வெட்டவெளியில் நிற்கிறவள் போட்டால் அது திமிர். அந்த ஒற்றைக் கண்ணால் ஃபேனைப் பார்த்துக்கொண்டு நான் ஒரு முடிவுக்கு வந்தேன். சிரிக்கிறவர்களுக்காக நான் கழற்றப்போவதில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு ஒரு மாதம் நாத்தனார் சுமதியின் ராஜ்யம். அவள் நெம்மேலியிலிருந்து தன் குடும்பத்தை விட்டுவிட்டு வந்தாள். முகத்தில் தண்ணீர் படக்கூடாது, அடுப்புப் புகை ஆகாது, குனியக்கூடாது, தேய்க்கக்கூடாது. ஈரத் துணியால் முகத்தைத் துடைத்துவிட்டாள். கழுத்துக்குக் கீழேதான் குளியல், தலையைப் பின்னால் சாய்த்துவைத்து அவளே முடி அலசிவிட்டாள். முதல் வாரம் ஒரு நாளைக்கு ஆறு தடவை சொட்டு மருந்து. பிறகு வாரம் வாரம் ஒவ்வொரு தடவையாகக் குறைக்க வேண்டும். அது ஸ்டீராய்டு மருந்து, திடீரென்று நிறுத்தினாலும் தப்பு, டாக்டர் சொன்ன நாளுக்கு மேல் ஊற்றிக்கொண்டே இருந்தாலும் கண்ணில் அழுத்தம் ஏறலாம். பிளஸ் டூ படிக்கிற என் மகள் ஷாலினி, மருந்து நேரத்தை எல்லாம் தன் பாட அட்டவணை பக்கத்தில் ஒட்டிவைத்தாள். பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் அத்தையிடம் கணக்குக் கேட்பாள். சுமதிக்கு அது பிடிக்காது. நான் இன்னா ஸ்கூல் பிள்ளையா என்று சண்டை போடுவாள். அந்தச் சண்டையைக் கேட்டுக்கொண்டு கண்ணை மூடிப் படுத்திருப்பது எனக்கு இதமாக இருந்தது.

அந்த ஒரு மாதத்துக்குள் சேகர் எனக்கு ஒரு கறுப்புக் கண்ணாடி வாங்கிவந்தார். மாமல்லபுரத்தில் கடற்கரைக்குப் போகிற வழியில் தட்டியில் மாட்டி விற்கிறார்களே, அதில் ஒன்று. நல்ல கறுப்பு. போட்டால் மத்தியானமும் சாயங்காலம் மாதிரி இருந்தது. அவருக்கு ஒரே சந்தோஷம். அடுத்த தடவை டாக்டரைப் பார்க்கப் போனபோது அதைப் போட்டுக்கொண்டு போனேன்.

டாக்டர் கழற்றிப் பார்த்துவிட்டு, கறுப்பா இருந்தா போதாதும்மா என்றார். வெயிலில் நம் கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சம் வேறு, தெரியாத புற ஊதாக் கதிர் வேறு. சதையை வளர்ப்பது அந்தத் தெரியாத கதிர்தான். கண்ணாடியின் கறுப்பு, தெரிகிற வெளிச்சத்தை மட்டும் குறைக்கிறது. கதிரைத் தடுக்கிற சக்தி தனி. அது இல்லாத கறுப்புக் கண்ணாடி, ஒன்றும் போடாததைவிட மோசமாகக்கூடப் போகலாம்.

“அன்னிக்கு பாப்பாவை விரிச்சு அனுப்பினோமே, வெளியில போனப்ப எப்படி இருந்துச்சு? இருட்டுக் கண்ணாடிக்குப் பின்னாடி உங்க பாப்பா அந்த மாதிரிதான் விரியும். கதிர் தடுக்கலேன்னா, கதவைத் திறந்துவச்ச மாதிரி உள்ளே போகும்.”

அந்த வெள்ளை வெயில் எனக்கு மறக்குமா? உடனே புரிந்தது.

ஆஸ்பத்திரி பக்கத்தில் உள்ள கண்ணாடிக் கடையில் அளந்து பார்க்கச் சொன்னார். கடைக்காரப் பெண்ணிடம் டார்ச் மாதிரி ஒரு சின்ன மெஷின் இருந்தது. கண்ணாடியை அதற்கு நடுவில் வைத்தால், கதிர் எவ்வளவு உள்ளே போகிறது என்று எண் காட்டும். சேகர் வாங்கிய கண்ணாடியை வைத்தாள். பாதிக்குப் பாதி உள்ளே போனது. அடுத்து, நிறமே இல்லாத ஒரு வெள்ளைக் கண்ணாடியை வைத்தாள். சொட்டுக்கூடப் போகவில்லை. சேகர் அந்த வெள்ளைக் கண்ணாடியைக் கையில் வாங்கி இரண்டு பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விலை குறைந்ததெல்லாம் மோசம் என்று நினைத்துவிட வேண்டாம், சில சமயம் தட்டிக்கடைக் கண்ணாடியும் தேறும் என்று அவளே சொன்னாள். ஆனால் அளக்காமல் தெரியாது.

எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்று டாக்டரும் கடைக்காரப் பெண்ணும் சொன்னதைச் சேர்த்துச் சொல்கிறேன். யூவி 400 என்று போட்டிருக்க வேண்டும், அதையும் மெஷினில் அளந்து பார்த்துக்கொள்ள வேண்டும். சின்னதாக, அழகாக இருப்பது வேண்டாம். பக்கவாட்டு வெளிச்சம்தான் எங்கள் மாதிரி ஆட்களுக்கு எதிரி என்பதால் காதுப்பக்கம் வரை வளைந்து முகத்தோடு ஒட்டி உட்கார வேண்டும். போலரைஸ்டு என்று சொல்வது தண்ணீர் மின்னுவதால் வருகிற கண்கூச்சத்தைக் குறைப்பதற்கு. கடலைப் பார்த்து நிற்கிறவர்களுக்கு அது உதவும், ஆனால் கதிரைத் தடுப்பது அதன் வேலை இல்லை. இரண்டும் சேர்ந்திருந்தால் நல்லது. பச்சை, நீலம் வேண்டாம், சாம்பலோ பழுப்போ போட்டால் கொடியின் நிறம் மாறாமல் தெரியும். கண்ணாடி போட்டாலும் தொப்பி வேண்டும். மேகமாக இருக்கிறதே என்று கழற்றக்கூடாது, கதிர் மேகத்தையும் தாண்டி வரும்.

சாம்பல் நிறத்தில் ஒன்றை எடுத்தேன். போட்டுக்கொண்டு கடை வாசலுக்கு வந்து ரோட்டைப் பார்த்தேன். ஏழு வருஷத்தில் முதல் தடவையாக மத்தியானத்தில் என் நெற்றி சுருங்காமல் இருந்தது.

ஆறு வாரம் கழித்து வேலைக்குப் போனேன். கண்ணாடியோடு பீச் கேட்டில் நின்றேன். அரை மணி நேரத்தில் தயாளன் வந்தார். அவர் கெட்ட மனிதர் இல்லை, ஆனால் மேலே உள்ளவர்கள் சொல்வதற்கு முன்பே பயப்படுகிறவர். யூனிஃபார்மில் அது இல்லையே என்றார். டாக்டரின் சீட்டைக் காட்டினேன். படித்தார். திருப்பிக் கொடுத்தார்.

“கெஸ்ட்டு போட்டுகினு வர்றத நீயும் போட்டுகினு நின்னா நல்லாவா கீது? மரியாதக் கொறச்சல்னு நெனைப்பாங்கம்மா. வேணும்னா உன்ன உள்ள லாண்டரியில போடுறேன். துண்டு மடிக்கிற வேல. வெயிலே இல்ல.”

கேட்பதற்கு நல்ல காரியமாகத்தான் இருந்தது. வீட்டில் சொன்னால் ஒத்துக்கொள்ளச் சொல்வார்கள். ஆனால் நான் அந்த இரும்புக் கதவைப் பார்த்தேன்.

“எனக்குப் பதிலா இங்க யார நிறுத்துவீங்க சார்?”

“யாராவது வருவாங்க. பார்க்கிங்ல நிக்கிற புஷ்பா கீதே.”

“அவ கண்ணு இன்னா கல்லுல செஞ்சதா?”

மறுநாள் எனக்கு மெமோ வந்தது. யூனிஃபார்ம் விதியை மீறியதற்கு விளக்கம் கேட்டிருந்தார்கள். ஷாலினி ஆங்கிலத்தில் எழுதித் தருகிறேன் என்றாள். வேண்டாம் என்று நானே தமிழில் எழுதினேன். ‘தண்ணீரில் இறங்குகிறவர்களின் உயிரைப் பார்த்துக்கொள்வது என் வேலை. அதற்குக் கண் வேண்டும். கண்ணைக் காப்பாற்றக் கண்ணாடி வேண்டும். கண்ணாடியைக் கழற்ற மாட்டேன். லாண்டரிக்கும் போக மாட்டேன்.’ ஐந்தே வரி. கீழே கையெழுத்துப் போட்டேன்.

அந்த வாரம் முழுக்க வீட்டில் பேச்சு குறைந்திருந்தது. வேலை போனால் என்ன செய்வது என்று சேகர் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பது கேட்பதைவிடக் கனமாக இருந்தது.

ஏஜென்சியிலிருந்து ஒரு ஆபீசர் விசாரிக்க வந்தார். அலுவலகத்துக்குக் கூப்பிட்டார்கள். டியூட்டியில் இருக்கிறேன், தண்ணீரில் நாலு பேர் இருக்கிறார்கள், விட்டுவிட்டு வர முடியாது, சார் இங்கே வரட்டும் என்று சொல்லி அனுப்பினேன். வந்தார். மணி பன்னிரண்டு தாண்டியிருந்தது. தயாளன் பின்னால் வந்தார். ஆபீசர் புல்தரையைக் கடந்து வரும்போதே பார்த்துவிட்டேன், அவர் கண்ணில் கறுப்புக் கண்ணாடி.

பேசும்போது கண்ணைப் பார்த்துப் பேசு, முதலில் அதைக் கழற்று என்றார்.

“நீங்களும் கழட்டுங்க சார். ரெண்டு பேரும் சமமா நின்னு பேசுவோம்.”

தயாளன் முகத்தில் ரத்தம் இல்லை. ஆபீசர் ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு கழற்றிச் சட்டைப் பையில் மாட்டிக்கொண்டார். நானும் கழற்றி, தண்ணீரைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி விசிலைத் தயாளன் கையில் கொடுத்துவிட்டு, கடலுக்கு முதுகு காட்டி நின்றேன். அவர் கடலைப் பார்த்து நின்றார். முதல் கேள்வியைக் கேட்டார், பதில் சொன்னேன். இரண்டாவது கேள்விக்குள் அவர் கை நெற்றிக்கு ஏறி குடை பிடித்தது. மூன்றாவது கேள்வியில் கண் கொட்டி நீர் வடிந்தது. கொஞ்ச நேரத்தில் அவர் கண்ணாடியை எடுத்து மறுபடி போட்டுக்கொண்டு, சரி, எழுதி அனுப்புறேன் என்று சொல்லிவிட்டு நடந்தார். நானும் என்னுடையதைப் போட்டுக்கொண்டு தண்ணீரில் இருந்த நாலு தலைகளையும் எண்ணினேன். நாலும் இருந்தன.

மூன்று வாரம் ஒன்றும் வரவில்லை. பிறகு நோட்டீஸ் போர்டில் ஒரு தாள் ஒட்டினார்கள். டாக்டர் சீட்டு கொண்டுவரும் காவலர்கள் மட்டும் கண்ணாடி அணியலாம்.

எல்லோரும் எனக்குக் கை கொடுத்தார்கள். ஜெயிச்சிட்டக்கா என்றார்கள். நான் அந்தத் தாளைத் திரும்பத் திரும்பப் படித்தேன். டாக்டர் சீட்டு எப்போது கிடைக்கும்? கண் கெட்ட பிறகு. அதாவது, சதை வளரட்டும், பிறகு போட்டுக்கொள் என்கிறார்கள். என் கண்ணுக்கு இது நியாயம், புஷ்பாவின் கண்ணுக்கு அநியாயம். புஷ்பா கார் பார்க்கிங்கில் நிற்பவள். எங்களில் கடைசியாகச் சேர்ந்தவள், வாய் திறந்து பேசவே யோசிப்பவள்.

அடுத்த வார லீவு நாளில் சேகரின் லோடு ஆட்டோவில் புஷ்பாவையும், இன்னும் மூன்று ஆண் காவலர்களையும் ஏற்றிக்கொண்டு செங்கல்பட்டுக்குப் போனேன். எங்கள் இடங்கள் காலியாகாமல் இருக்க மற்றவர்களோடு டியூட்டி நேரத்தை மாற்றிப் போட்டிருந்தோம். டாக்டரிடம் நோட்டீஸில் இருந்ததைச் சொன்னேன். அவர் நாலு பேரையும் ஒவ்வொருவராக மெஷினில் உட்காரவைத்துப் பார்த்தார். ஆண்கள் மூவரில் இரண்டு பேருக்கு மூக்கோரத்தில் சதையின் ஆரம்பம், ஒருவருக்கு என் வலது கண்ணில் இருப்பது போல் ஒரு மஞ்சள் துளி. புஷ்பாவுக்கு ஒன்றும் இல்லை, சுத்தமான கண். தனக்குச் சீட்டு கிடைக்காது என்று எழுந்துவிட்டாள்.

“உக்காருங்க. நோய் வந்தாதான் சீட்டுன்னு எந்தப் புத்தகத்துலயும் எழுதல” என்று டாக்டர் நாலு பேருக்கும் எழுதினார். அவரவர் கண்ணின் நிலையைக் குறித்து, வெயிலில் வேலை செய்பவர், கண் கெடாமல் இருக்கக் கண்ணாடி அவசியம் என்று. அப்படியே என் கண்களையும் பார்த்தார். இடது கண்ணில் ஒட்டிய தோல் நன்றாகப் பிடித்திருக்கிறது, சதை திரும்பவில்லை. வலது கண்ணில் அந்த மஞ்சள் துளி அளந்த இடத்திலேயே நிற்கிறது. திரும்பி வந்தாலும் வரும், வருஷக்கணக்கில் கவனமாக இருக்க வேண்டும் என்றார். இருப்பேன்.

மறுநாள் காலை நாங்கள் ஐந்து பேரும், அதே கடையில் மெஷினில் அளந்து வாங்கிய கண்ணாடியோடு, ஆள் கணக்கெடுக்கிற ரோல் கால் வரிசையில் நின்றோம். தயாளன் நான்கு சீட்டுகளையும் வாங்கி ஒவ்வொன்றாகப் படித்தார். புஷ்பாவின் சீட்டை மட்டும் இரண்டு தடவை படித்தார்.

“ஒனக்குத்தான் ஒரு நோயும் இல்லன்னு எழுதிக்கீதே. அப்பறம் எதுக்கு?”

நான் பதில் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவளே பேசிவிட்டாள். சத்தம் அதிகம் இல்லை, ஆனால் வரிசையின் கடைசி வரை கேட்டது.

“இல்லாமயே இருக்கட்டும்னுதான் சார். தோட்டத்து வேலைக்காரங்களும் கேட்டாங்க. லீவு அன்னிக்கு அவங்கள டாக்டராண்ட நான் கூட்டிகினு போறேன்.”